ஊசி ஷெட்டும் ஆபரேஷன் ஷெட்டும்

ஜேடர்பாளையம்,
ஞாயிற்றுக்கிழமை, கோழிக்குக் காலைத் தீவனம் போட்ட பிறகு.

இளம்பிள்ளை சேலை வியாபாரத்தில் பேர் எடுத்தவரும், என் மனைவி சௌந்திரத்தின் உடன்பிறந்த அண்ணனும், ஆகையால் எனக்கு எந்நாளும் மரியாதைக்குரியவருமான மச்சான் திரு. சுவாமிநாதன் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் காளியப்பன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் தங்கை, மகன் மணிமாறன், ஷெட்டில் இருக்கும் கோழிகள் எல்லாரும் சௌக்கியம். அங்கே தாங்களும் வசந்தாமணி அக்காவும் ஓடுகிற தறிகளும் இதே சௌக்கியத்தோடு இருக்க நம் குலசாமி துணை நிற்கட்டும்.

மச்சான், கையில் போன் இருக்கும்போது எவனாவது கடிதாசி எழுதுவானா என்று நினைப்பீர்கள். எழுத வைத்தவரே நீங்கள்தான். போன வாரம் போனில் "கண்ணு நல்லாத் தெரியுதுங்க மச்சான்" என்று நான் தொண்டை வறளச் சொன்னதற்கு, "வாயில சொன்னா நம்ப மாட்டனுங்க மாப்ள, இடது கண்ணைப் பொத்திக்கிட்டு உங்க கையால எழுதி அனுப்புங்க, எழுத்து கோடு மாறாம இருந்தா நம்பறேன்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதனால்தான் முட்டைப் பெட்டியில் ஊர்ப் பேர் எழுதுகிற தடி மார்க்கரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கோடு மாறியிருக்கிறதா என்று நன்றாகப் பாருங்கள். இவ்வளவு பெரிய எழுத்து எனக்காக இல்லை, உங்களுக்காக. அப்படியும் தெரியவில்லை என்றால் அக்காவைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அக்கா, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நடுவில் உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்றிரண்டு வரி வரும், அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வேகமாகப் படித்துவிடவும்.

ஆதியிலிருந்து சொல்கிறேன். மாசி மாதம் ஒருநாள் காலையில் மேற்கு ஷெட்டுக்குள் நுழைந்தால் கண்ணுக்கு நேரே ஒட்டடை தொங்குகிறது. ஷெட்டைப் பார்த்துக்கொள்கிற தங்கமுத்துவைக் கூப்பிட்டு, கோழி இருக்கிற இடமா பேய் இருக்கிற இடமா என்று கேட்டேன். அவன் மேலே பார்த்தான், என்னைப் பார்த்தான், குச்சியை எடுத்து அடித்தான். ஒட்டடை போகவில்லை. மறுபடி அடிக்கச் சொன்னேன், அடித்தான், அப்போதும் போகவில்லை. கோபம் வந்து குச்சியைப் பிடுங்கி நானே அடிக்கப் போனால், நான் எந்தப் பக்கம் திரும்புகிறேனோ ஒட்டடையும் அந்தப் பக்கம் திரும்புகிறது. அதோடு விட்டிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும். முட்டையை எடுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு முட்டையிலும் கறுப்பாக ஒரு நூல். தீவனக் கடைக்குப் போன் போட்டு, உன் தீவனத்தைத் தின்று என் கோழியெல்லாம் கோடு போட்ட முட்டை போடுகிறது என்று நான் கத்தின கத்தலில் கூண்டில் இருந்த கோழியெல்லாம் வாயை மூடிக்கொண்டது. மணிமாறன் ஓடிவந்து முட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டுப் பாருங்க" என்றான். வலது கண்ணைப் பொத்தினால் முட்டை வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. இடது கண்ணைப் பொத்தினால் நூல் ஆடுகிறது. ஒட்டடை ஷெட்டில் இல்லை மச்சான், என் வலது கண்ணுக்குள்தான் இருந்தது. அடுத்த இரண்டு நாளில் அந்தக் கண்ணில் செம்மண் கலர் திரை ஒன்று மேலிருந்து இறங்கி அப்படியே நின்றுவிட்டது. தீவனக் கடைக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

உங்களுக்கும் அதே மாசியில்தான் இடது கண்ணில் மை கொட்டினதுபோல் ஆனது. நமக்குச் சர்க்கரை வந்ததும் ஒரே வருஷம், கண்ணில் ரத்தம் கசிந்ததும் ஒரே மாதம், சம்பந்தம் என்றால் இதுதான் சம்பந்தம் என்று ஊரே பேசியது. வருஷா வருஷம் பொங்கலுக்கு நான் இங்கிருந்து சிப்பம் சிப்பமாக வெல்லம் அனுப்ப, நீங்கள் அங்கிருந்து ஆட்டையாம்பட்டி முறுக்கு அனுப்ப, இருவரும் ஒருவரை ஒருவர் நன்றாகவே கவனித்துக்கொண்டோம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எனக்கு இடது கண் நன்றாக இருந்தது. உங்களுக்கு வலது கண் ஏற்கெனவே மங்கல், வியாபாரம் முழுவதையும் அந்த இடது கண்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதில்தான் மை கொட்டியது. அதை நினைத்தால் மட்டும் எனக்குச் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

சேலத்தில் கண் ஆஸ்பத்திரிக்கு ஒரே காரில் போனோம், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், ஒரே நேரத்தில் உள்ளே போனோம். டாக்டரம்மா சௌமியா சின்னப் பெண்தான், ஆனால் பொறுமைசாலி. நீங்கள் அன்றைக்குப் பயத்தில் பாதியைக் காதில் வாங்கவில்லை, அதனால் அவர் சொன்னதை மறுபடி எழுதுகிறேன். "சர்க்கரையால கண்ணுக்குள்ள புதுசா மெல்லிசு ரத்தக்குழாய் முளைச்சு, அது உடைஞ்சு ரத்தம் கசிஞ்சிருக்குங்க ஐயா. ரெண்டு வழி இருக்கு. கண்ணுக்குள்ள ஊசி போடலாம், மாசாமாசம் வரணும், ரத்தம் மெதுவாத் தெளியும். இல்லைன்னா இப்பவே ஆபரேஷன் பண்ணி ரத்தத்தை எடுத்துட்டு லேசரும் வச்சுடலாம், அது சீக்கிரம் தெளியும். ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா ரெண்டுலயும் பார்வை ஏறக்குறைய ஒண்ணுதான்."

இரண்டும் ஒன்று என்றால் எனக்கு எப்படி மச்சான் புரியும்? சந்தைக்குப் போனால் இரண்டு ஆடும் ஒன்றுதான் என்று எவனாவது சொல்வானா? எது ஒசத்தி, அதை மட்டும் சொல்லுங்க என்றேன். அவர் திருப்பி என்னைக் கேள்வி கேட்டார். மாதாமாதம் தவறாமல் வர முடியுமா என்று கேட்டார். தலையை அடமானம் வைத்தாவது வருவேன் என்றேன். ஊசியில் ஆரம்பித்த சிலருக்குப் பிறகு ஆபரேஷனும் தேவைப்படலாம், ஆபரேஷனில் ஆரம்பித்த சிலருக்குப் பிறகு ஊசியும் தேவைப்படலாம், கத்தி வைத்த கண்ணில் புரை கொஞ்சம் முந்தி வரலாம், எதைச் செய்தாலும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்றார். கடைசியாகக் கையை ஆட்டி ஆட்டி இன்னொன்றும் சொன்னார். அதற்குள் என் மனசு ஷெட்டுக்குப் போய்விட்டதால் அது மட்டும் காதில் விழவில்லை.

ஷெட்டு என்றால் அந்தப் பழைய கதைதான். நாலு வருஷம் முன்னால் கோழிக்கெல்லாம் சளி பிடித்து, இரண்டு மருந்துக் கம்பெனி ஆட்கள் வந்து என் மருந்துதான் ஒசத்தி, என் மருந்துதான் ஒசத்தி என்று வாசலில் நின்று சண்டை போட்டார்கள். காளியப்பனா ஏமாறுவான்? மேற்கு ஷெட்டுக்கு ஒருத்தன் மருந்து, கிழக்கு ஷெட்டுக்கு இன்னொருத்தன் மருந்து, எது ஜெயிக்கிறதோ அதைக் கிணற்றடி ஷெட்டுக்குக் கொடுக்கலாம் என்று அதைச் சும்மா விட்டு வைத்தேன். இதை டாக்டரம்மாவிடம் விலாவாரியாகச் சொல்லி, அதே மாதிரி மச்சான் ஒரு வைத்தியம், நான் ஒரு வைத்தியம் என்று பண்ணிப் பார்த்துவிட்டால் எது ஒசத்தி என்று தெரிந்துவிடும் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய பெரிய ஆராய்ச்சியெல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள், ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கில் ஆள் வேண்டும், நீங்கள் இருப்பதோ இரண்டே பேர் என்றார். பிறகு, அந்தக் கிணற்றடி ஷெட் என்ன ஆயிற்று என்று கேட்டார். அது வேறு கதைங்க அம்மா, அதை விடுங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வெளியே வந்த பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சௌந்திரத்துக்கு மூக்கு விடைக்கிறது. நர்ஸ் வந்து, யார் முதலில் என்று கேட்டாள். நம் பக்கத்தில் கல்யாணப் பந்தியில் எவனாவது முதலில் போய் உட்காருவானா? நீங்க உட்காருங்க, அட நீங்க உட்காருங்க என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பதுதானே மரியாதை. அந்த மரியாதையை நாம் ஆஸ்பத்திரியிலும் விட்டுக்கொடுக்கவில்லை. "மச்சான், நீங்க மூத்தவரு, நீங்கதான் முதல்ல போகோணும்" என்றேன் நான். "அதெப்படிங்க மாப்ள, எங்க ஊட்டுப் பொண்ணைக் கட்டினவரு, உங்களுக்கு முன்னால நான் போனா மரியாதையா இருக்குமுங்களா" என்றீர்கள் நீங்கள். இருவரும் கும்பிட்டுக் கும்பிட்டு வழிவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஆத்தூர்ப் பக்கத்து லாரிக்காரர் மாதேஷ் என்பவர், நமக்குப் பின்னால் டோக்கன் வாங்கினவர், நமக்கு நடுவில் புகுந்து உள்ளே போய், ஆபரேஷனுக்கு நாள் வாங்கிக்கொண்டு வந்து டீயும் குடித்துவிட்டார். கடைசியில் சௌந்திரம் என் சட்டையைப் பிடித்து இழுத்துப் போய் நர்ஸிடம் ஒப்படைத்த பிறகுதான் ஏற்பாடு முடிவானது. நான் ஊசி ஷெட், நீங்கள் ஆபரேஷன் ஷெட். என் ஷெட்டின் முடிவைப் பார்த்துவிட்டு நீங்கள் ஆரம்பிப்பதாகச் சொல்லி இளம்பிள்ளைக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள்.

சரி, ஊசிக்கு வருகிறேன். குஞ்சு எடுத்த முதல் வாரத்தில் அதன் கண்ணில் தடுப்பு மருந்து சொட்டு விடுவோமே, நீங்கள் வந்திருந்தபோதுகூடப் பார்த்தீர்களே. இடது கையில் குஞ்சைப் பிடித்து, தலையை ஒருக்களித்து, ஒரு சொட்டு விட்டு, அது கண்ணைச் சிமிட்டுகிற வரைக்கும் நிறுத்தி, பிறகு மறுபக்கம் விடுவோம். முப்பது வருஷமாக எத்தனை குஞ்சுக்கு விட்டிருப்பேனோ தெரியாது. அந்த நர்ஸ் பெண் என்னைப் பச்சைத் துணிக்குள் சுருட்டி, இடது கையால் தலையைப் பிடித்து ஒருக்களித்து, மரத்துப்போவதற்கு ஒரு சொட்டு விட்டு, நான் சிமிட்டுகிற வரைக்கும் நின்று பார்த்து, அப்படியே மறுபக்கம் தள்ளிவிட்டாள். வரிசையாக எட்டுப் பத்துப் பேர் அதேபோல் மறுபக்கம் உட்கார்ந்திருந்தோம். குஞ்சு என்ன நினைக்கும் என்று இத்தனை வருஷத்தில் நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது தெரியும். இந்த பேட்சுக்குச் சொட்டு விடும்போது தங்கமுத்துவிடம் மெதுவாகப் பிடிடா என்று சொல்லியிருக்கிறேன்.

உள்ளே படுக்க வைத்து இமை மூடாதபடி ஒரு கிளிப்பு மாட்டினார்கள். அப்போது நான் வேண்ட ஆரம்பித்தேன். குலசாமிக்குக் கிடா, கருப்பணாருக்குச் சேவல் (பண்ணைக் கோழி இல்லை, நாட்டுச் சேவல்தான்), பழனிக்கு நடை, உங்கள் பேரில் ஒரு மொட்டை. டாக்டரம்மா மேலே பாருங்கள் என்றார். பார்த்தேன். கண்ணை யாரோ விரலால் ஒருமுறை அழுத்தினதுபோல் இருந்தது. நான் அடுத்த சாமிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது, எழுந்திருங்கள் என்றார். எப்போங்க போடுவீங்க என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் திரும்பிக்கொண்டாள், சிரித்திருப்பாள். மச்சான், இதற்காகவா நாம் அவ்வளவு நேரம் கும்பிட்டுக்கொண்டு நின்றோம்? எறும்பு கடித்தால்கூட இதைவிட அதிகமாக வலிக்கும். அன்றைக்குச் சாயங்காலம் கண்ணுக்குள் கறுப்புக் கறுப்பாக முட்டை முட்டையாக மிதந்து, வீட்டிலும் முட்டை, கண்ணிலும் முட்டையா என்று நான் கலங்கியது உண்மைதான். மறுநாள் அதுவும் போய்விட்டது. அந்த மொட்டையைப் பற்றி அக்காவிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு தெளிய ஆரம்பித்தது. நம் தடுப்பணையில் புதுத்தண்ணீர் வந்து வண்டல் அடங்குகிற மாதிரி, முதலில் வெளிச்சம், பிறகு ஆள் உருவம், பிறகு ஆளுடைய மூஞ்சி. நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் காலண்டரில் தேதி படித்தேன். தேதியைக் கிழிக்காமல் ஒரு மாதமாக அப்படியே விட்டிருக்கிறார்கள் என்றும் தெரிந்தது. எட்டுக்காலி எங்கே கூடு கட்டியிருக்கிறது, மணிமாறன் மீசையை எந்தப் பக்கம் அதிகமாகச் சிரைத்திருக்கிறான், சாம்பாரில் பருப்பு எவ்வளவு குறைவு என்று ஒவ்வொன்றாகத் தெரியத் தெரிய, வீட்டில் இருப்பவர்களுக்கு என் கண் தெளிந்ததில் இருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

அப்படிப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் மச்சான், கொடியில் காய்ந்துகொண்டிருந்த அந்தச் சேலையைப் பார்த்தேன். சித்திரை நோம்பிக்குத் தங்கைக்கென்று நீங்களே கடையில் கையால் எடுத்து அனுப்பினீர்களே, மயில் கழுத்து நிறம், உனக்குன்னு தனியா எடுத்து வச்சேன் சாமி என்று போனில் சொன்னீர்களே, அதே சேலைதான். அப்போது எனக்கும் ஒரு கண்ணில் திரை, மற்றதால் சரியாகப் பார்க்காமலே ஆகா, மயில் கழுத்து என்று நானும் சொல்லிவைத்தேன். அது மயிலும் இல்லை, கழுத்தும் இல்லை. காப்பிக்கொட்டை நிறம். கரையில் ஒரு முழத்துக்கு இழை விட்டுப்போயிருக்கிறது. ஒரே ஒரு இழை பிசகினாலும் சேலையைத் தூக்கித் தறிக்காரன் மேலேயே வீசுகிற சுவாமிநாதன் கடையிலிருந்து வந்த சேலை அது. நிறத்தைக் கையால் தடவியே சொல்லிவிடுவேன் என்று நீங்கள் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறீர்களாமே, அக்கா சொன்னார். இந்த வரியைத்தான் வேகமாகப் படிக்கச் சொன்னேன் அக்கா.

சௌந்திரத்தைக் கூப்பிட்டு, இது என்ன நிறம் என்று கேட்டேன். "எங்கண்ணன் மயில் கழுத்துன்னு சொல்லுச்சு, நான் மயில் கழுத்துன்னுதான் கட்டிக்கிட்டுப் போனேன்" என்றாள். நோம்பிக்கு அதைக் கட்டிக்கொண்டுதான் மாவிளக்கு எடுத்தாள். கேட்ட பெண்களிடமெல்லாம் எங்கண்ணன் எடுத்த மயில் கழுத்து என்றே சொல்லியிருக்கிறாள், ஒருத்திகூட மறுத்துப் பேசவில்லையாம். சொல்லிவிட்டுச் சேலையைக் கொடியிலிருந்து இழுத்துக்கொண்டு உள்ளே போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. கண் தெரியாமல் இருந்தபோது நிம்மதியாக இருந்தேனே என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அதற்குத்தான் இந்தக் கடிதம் மச்சான். எழுத்து கோடு மாறாமல் வருகிறதா என்பதை நிரூபிக்க மட்டும் இல்லை.

ஆபரேஷன் ஷெட்டின் சங்கதியையும் நடுநிலையோடு சொல்லிவிடுகிறேன், நாளைக்குக் காளியப்பன் ஒருதலைப்பட்சமாக எழுதினான் என்று வரக்கூடாது. இரண்டாவது ஊசிக்குப் போனபோது அந்த லாரிக்காரர் மாதேஷைப் பார்த்தேன். ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மனுஷன் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பையெல்லாம், அடியில் பொடியாக இருக்கிற அச்சக விலாசம் வரைக்கும், யாரும் கேட்காமலே சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது அந்தக் கண்ணில் திரை இன்னும் விலகாத காலம். வயிறு எரிந்தது. ஆனால் கொஞ்ச நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, லாரி பக்கமே போகக்கூடாது என்று உட்கார வைத்துவிட்டார்களாம். நான் இங்கே மறுநாளே ஷெட்டுக்குள் போய்விட்டேன். நீங்கள் மாதாமாதம் அலைகிறீர்களே என்று அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். உங்கள் கண்ணில் கத்தி வைத்தார்களே என்று நான் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். இருவரும் நல்ல திருப்தியோடு பிரிந்தோம்.

ஆக, முடிவு என்னவென்றால் ஊசிதான் ஜெயித்தது. கத்தியில்லை, கட்டு இல்லை, படுக்கை இல்லை. வைகாசியில் மூன்றாவது ஊசிக்கு வரச் சொன்ன அன்றைக்குப் புதுக் குஞ்சு வந்து இறங்கிவிட்டதால் நான் போகவில்லை. டாக்டரம்மா ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது, குஞ்சுச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. கண்தான் பளிச்சென்று தெரிகிறதே, கூலியாள் மாதிரி மாதாமாதம் போய் நிற்க வேண்டுமா? ஒரு மாதம் தள்ளினால் ஒன்றும் ஓடிப்போகாது. நீங்களும் கத்தி, கட்டு என்ற பயத்தையெல்லாம் விட்டு என் ஷெட்டுக்கே வந்துவிடுங்கள். ஆராய்ச்சி கெட்டுப்போனாலும் பரவாயில்லை.

அக்காவுக்கு என் நமஸ்காரம். உங்கள் வீட்டு வாசலில் வளரும் முருங்கை முதல் வேலை செய்யும் பிள்ளைகள் வரை எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும். குலசாமி கண்ணைத் திறந்து நம் இருவர் கண்ணையும் பார்க்கட்டும். இந்தத் தடவை வெல்லம் அனுப்பவில்லை, முட்டை அனுப்புகிறேன், மஞ்சளைக் குறைத்துக்கொண்டு வெள்ளையைச் சாப்பிடவும். முறுக்கு அனுப்ப வேண்டாம். ரொம்ப மனசு கேட்கவில்லை என்றால் ஒரே ஒரு பொட்டலம்.

தங்கள் பாசமுள்ள மாப்பிள்ளை,
காளியப்பன்.
(கோடு மாறவில்லை, பார்த்துக்கொள்ளவும்.)

பின்குறிப்பு: எழுத்து மாறியிருக்குதேன்னு பாக்காதண்ணா, இது சௌந்திரம். அவரு பக்கத்துல கட்டில்ல உக்காந்து சொல்லச் சொல்ல எழுதறேன். கடுதாசியை மடிச்சு அலமாரி மேல வச்சுட்டு, தபால்ல போடறதா மணிமாறன்கிட்டக் குடுத்து விடறதான்னு யோசனை பண்ணிக்கிட்டே நாலு நாளை ஓட்டிட்டாரு. நேத்துக் காலைல குஞ்சு ஷெட்டுக்குள்ள போனவரு, ஒட்டடை தொங்குதுன்னு தங்கமுத்துவைக் கூப்பிட்டாரு. தங்கமுத்து குச்சியை எடுக்கலை. மணிமாறனைக் கூப்பிட்டுக் காரை எடுக்கச் சொன்னான்.

மறுபடி ரத்தம் கசிஞ்சிருக்குது. இந்தத் தடவை ஆபரேஷன்தான், அடுத்த வாரம் பண்ணிடலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை. அவரு சொல்றதை அப்படியே எழுதறேன்: மச்சான், மேலே முடிவு என்று எழுதியிருப்பதை அடித்துவிடவும். ஊசி தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம், ஊசிக்குப் போகாமல் இருந்ததுதான் தோற்றது. இப்போது இரண்டு ஷெட்டும் நானே ஆகிவிட்டேன். மாதேஷிடம் சொல்ல வேண்டாம்.

இப்ப அவரு மருந்து விட்டுக் கண்ணை மூடிப் படுத்துட்டாரு. இனி எழுதறது நானாத்தான். மொதல்ல போன அன்னைக்கு டாக்டரம்மா கடைசியா என்ன சொன்னாங்கன்னு அவருக்குக் காதுல விழலையாம், உனக்கும் விழுந்திருக்காது. நான் பின்னால நின்னுக்கிட்டு இருந்தேன், எனக்கு விழுந்துச்சு. "ஊசியோ ஆபரேஷனோ எது வேணா பண்ணுங்க, எதுவும் பண்ணாம மட்டும் உக்காந்துடாதீங்க. உள்ள விழித்திரை இழுத்துப் பிரிஞ்சுட்டா அப்புறம் நான் நெனச்சாலும் முழுசாத் திருப்பித் தர முடியாது"ன்னாங்க. அந்தக் கிணத்தடி ஷெட்டு என்னாச்சுன்னு இவரு யாருக்கும் சொல்ல மாட்டாரு. கூண்டைக் காலி பண்ணிக் கழுவி விட்டவ நான், எனக்குத் தெரியும். மேக்கு ஷெட்டும் பொழைச்சுது, கிழக்கு ஷெட்டும் பொழைச்சுது. எந்த மருந்து ஒசத்தின்னு இவரு பாத்துக்கிட்டே இருந்தப்ப, எந்த மருந்தும் குடிக்காததுதான் செத்துச்சு. அண்ணா, அந்த ஷெட்டு இப்ப நீதான்.

வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் மணிமாறன் இளம்பிள்ளைக்குக் கார் கொண்டுக்கிட்டு வருவான். அண்ணிகிட்டப் பேசிட்டேன், அவங்களும் கெளம்பி நிப்பாங்க. உனக்கு ஊசியா ஆபரேஷனான்னு டாக்டரம்மா பாத்துச் சொல்லட்டும், அந்த ஆராய்ச்சியை நீங்க ரெண்டு பேரும் விட்டுடுங்க. யாரு முதல்லன்னு நானே நர்ஸ்கிட்டச் சொல்லி வச்சுட்டேன். மூத்தவன் நீ, நீதான் முதல்ல. கும்பிட்டுக்கிட்டு நின்னா நானே கையைப் பிடிச்சு உள்ள தள்ளுவேன்.

அந்தச் சேலையைத் தொவைச்சு மடிச்சு வச்சிருக்கறேன். உனக்குக் கண்ணு தெளியற அன்னைக்கு அதைத்தான் கட்டிக்கிட்டு உன் முன்னால வந்து நிப்பேன். என்ன நெறம்னு அப்ப நீயே பாத்துச் சொல்லு. அதுவரைக்கும் எனக்கு அது மயில் கழுத்துத்தான்.